மிரியாம் வந்து சேரும் வரை

கத்தோலிக்கத் திரு அவையில் ‘ஒன்றிணைந்து பயணிப்போம்’ என்று யாராவது பேச ஆரம்பித்தால் போதும், கொஞ்ச நேரத்தில் எம்மாவு வந்துவிடும்: எம்மாவு ஊருக்குப் போன இரண்டு சீடர்களோடு, உயிர்த்த இயேசு யாரென்று தெரியாமலே கூட நடந்த கதை. 2021 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ், உலக ஆயர்கள் ரோமில் கூடிப் பேசும் ஆயர் மாமன்றத்துக்கான பயணத்தைத் தொடங்கி வைத்ததிலிருந்து மதுரையில் நான் போன தியானம், பங்குக் கருத்தரங்கு, அன்பியப் பயிற்சி எல்லாவற்றிலும் அந்த இரண்டு சீடர்கள்தான் நடந்துகொண்டே இருந்தார்கள். ஃபிளெக்ஸிலும் அவர்கள்தான். மாலை வெயில், மண்பாதை, நடுவில் வெள்ளை அங்கியில் இயேசு.

லூக்கா 24-ஆம் அதிகாரத்தின் மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. மறைநூலும் வழிநடையும் இவ்வளவு ஒட்டி வரும் பகுதி விவிலியத்தில் குறைவு. அதில் இயேசு எடுத்த எடுப்பிலேயே விளக்கம் சொல்லத் தொடங்குவதில்லை. வழியில் என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்கிறார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கூடவே நடக்கிறார். அதுவும் எருசலேமை விட்டு விலகிப் போகும் திசையில். மோசேயும் இறைவாக்கினர்களும் அதற்கு அப்புறம்தான் வருகிறார்கள். பிரசங்கத்துக்கு முன்னால் கேள்வி என்ற இந்த ஒரு வரிசையை மட்டும் நம் பங்குகள் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் எம்மாவு வழியில் ஒரு வசதி இருக்கிறது. போகிறவர்கள் மூன்றே பேர். மூவருக்கும் நல்ல கால், மூவருக்கும் ஒரே வேகம். யாரும் பின்தங்கவில்லை, யாரையும் வெளியே தள்ளவில்லை. எந்தப் பங்கு அப்படி இருக்கிறது?

எனக்குப் பிடித்த பகுதி எண்ணிக்கை நூலின் 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மோசே கூசு நாட்டுப் பெண்ணை மணந்ததை வைத்து அவருடைய உடன்பிறந்தவர்களான மிரியாமும் ஆரோனும் அவருக்கு எதிராகப் பேசுகிறார்கள். ஆண்டவர் மோசே மூலம் மட்டுமா பேசினார், எங்கள் மூலமும் பேசவில்லையா என்பது அவர்கள் கேள்வி. கடவுளுக்குக் கோபம் வருகிறது. மிரியாமின் உடல் தொழுநோயால் வெண்பனிபோல் வெளுக்கிறது. ஆரோன் கெஞ்சுகிறார், மோசே மன்றாடுகிறார். ஆனாலும் ஏழு நாள் அவள் பாளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்று தீர்ப்பு. அதன் பிறகு வருகிற 15-ஆம் வசனம் ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறது: மிரியாமைத் திரும்ப அழைத்து வரும்வரை மக்கள் பயணப்படவில்லை.

பாலைநிலத்தில், தண்ணீருக்கும் உணவுக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்த ஒரு பெருங்கூட்டம், ஒரே ஒரு பெண்ணுக்காக ஏழு நாள் நின்றிருக்கிறது. அதுவும் குற்றவாளி என்று தீர்ப்பாகி வெளியே நிறுத்தப்பட்ட பெண்ணுக்காக. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. கூடாரத்தின் மேலிருந்து மேகம் எழும்பினால் இஸ்ரயேலர் புறப்பட வேண்டும் என்பது 9-ஆம் அதிகாரத்தில் சொல்லப்பட்ட நடைமுறை. 12-ஆம் அதிகாரம் 10-ஆம் வசனத்தில் மேகம் கூடாரத்தை விட்டு விலகுகிறது. என்றாலும் மக்கள் கிளம்பவில்லை. இதை வைத்து இறையியல் கட்டுவதற்கு நான் படித்தவன் இல்லை. வாசிக்கும்போது என் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், வார நாள் திருப்பலியில் இந்தப் பகுதி வரத்தான் செய்கிறது. பொதுக்காலம் 18-ஆம் வாரம் செவ்வாய், முதலாம் ஆண்டின் முதல் வாசகம். ஆனால் 13-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மோசேயின் மன்றாட்டோடு வாசகம் முடிந்துவிடும். ஏழு நாளும் மக்கள் நின்றதும் காதில் விழாது. தினமும் காலைப் பூசைக்குப் போகும் ஆளுக்குக்கூட அந்த வசனம் தெரியாமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது.

எங்கள் அன்பியத்தில் அது வாசிக்கப்பட்டது ஒரு தவக்காலத்தில். தெரியாதவர்களுக்காக: அன்பியம் என்றால் ஒரு பங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சில குடும்பங்கள் வீடு வீடாகக் கூடி ஜெபித்து, விவிலியம் வாசித்து, ஒருவருக்கொருவர் நல்லது கெட்டதில் நிற்கும் சிறு குழு. ஆசிய ஆயர்கள் 1990-இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடி, ‘சமூகங்களின் சமூகமாகத்’ திரு அவை இருக்க வேண்டும் என்று பேசிய பிறகு இது வேகம் பிடித்தது. நாங்கள் பயன்படுத்தும் ஏழு படி முறை தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்திலிருந்து வந்தது. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதில் பட்ட சொல்லை உரக்கத் திரும்பச் சொல்வது, மௌனம், பகிர்வு, என்ன செய்யப் போகிறோம் என்று பேசுவது, மன்றாட்டு. ஏழு படிக்கும் அட்டை உண்டு. எங்கள் அட்டையில் மெழுகு சிந்தி ஆறாம் படி சரியாகத் தெரியாது. அதனாலோ என்னவோ, என்ன செய்யப் போகிறோம் என்ற பேச்சு பெரும்பாலும் ‘அவங்களுக்காக ஜெபிப்போம்’ என்பதோடு முடிந்துவிடும்.

அன்று கூட்டம் ஒரு மாடி வீட்டில். ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து விவிலியம், பக்கத்தில் மெழுகுவர்த்தி. பெண்கள் பாயில், ஆண்கள் வழக்கம்போல வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் சேர்களில், பாதி உள்ளே பாதி வெளியே. வாசித்து முடித்துப் பகிர்வு தொடங்கியதும் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: “ஆரோனும்தானே சிஸ்டர் பேசுனாரு? அவருக்கு ஏன் ஒண்ணும் வரல?” வழிநடத்துகிறவர் கன்னியரைப் பார்த்தார். கன்னியர், “எனக்கும் அந்தக் கேள்வி இருக்கும்மா” என்றார். ஒப்புக்குச் சமாளிக்காமல் அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கேள்வி அப்படியே நடுவில் கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, மூலையில் சுவரில் சாய்ந்திருந்த வயதான அம்மா பேசினார். அவர் பகிர்வில் வாய் திறப்பதே அபூர்வம். “அது கெடக்கட்டும். ஏழு நாள் ஒரு சனமும் நகரலைல்ல, அதைப் பாருங்க. நான் புள்ள பெத்த புதுசுல காசநோய்னு தோப்பூர்ல கிடந்தேன். இங்க பூசை நடந்துச்சு, திருநாள் நடந்துச்சு, எல்லாம் நடந்துச்சு. எனக்காக யாரு நின்னா?”

யாரையும் குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. விலைவாசி சொல்வது மாதிரிதான் சொன்னார். தோப்பூர் காசநோய் ஆஸ்பத்திரி என்றால் மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், அந்தக் காலத்தில் அங்கே சேர்த்தார்கள் என்றாலே தெருவில் குரல் தாழ்ந்துவிடும். அதுவரை அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த வழிநடத்துகிறவர் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தார். வாசலில் இருந்த ஆண்களில் ஒருவர் சேரை உள்ளே தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். அன்று ஆறாம் படியில் முதல் தடவையாக ஜெபிப்பதைத் தவிர வேறொன்று பேசினோம்: மாடி ஏற முடியாமல் யார் யார் வராமல் இருக்கிறார்கள் என்று. இப்போது கூட்டம் தரைத்தளத்து வீடுகளில் மட்டும்தான். இதை ஒரு சாதனையாகச் சொல்ல வரவில்லை. படிக்கட்டு இருப்பது எங்கள் எல்லோருக்கும் முன்பே தெரியும்தானே.

எங்கள் பாட்டி காலத்தில் இந்த மாதிரி பேச்சுக்கே இடமில்லை. பூசை லத்தீனில். அவளுக்குத் தெரிந்த விவிலியம் எல்லாம் தவக்காலத்து வியாகுலப் பிரசங்கத்திலும், பாஸ்கு நாடகத்திலும், உபதேசியார் சொல்லிக்கொடுத்த மந்திரங்களிலும் வந்ததுதான். கையில் விவிலியம் வைத்து வாசிப்பது 1834 முதல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்களின் வழக்கம் என்றே எங்கள் ஆட்கள் நினைத்தார்கள். 1965 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டை வெளியிட்டு, மறைநூலை ஆண்டவரின் திருவுடலைப் போலவே திரு அவை வணங்கி வந்திருக்கிறது என்றும், நம்பிக்கையாளர் எல்லோருக்கும் அது திறந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. தமிழில் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் 1995-இல் வந்தது. தோப்பூரில் கிடந்த அந்த அம்மா மிரியாமைத் தன் கதையாக எடுத்துக்கொண்டதற்குப் பின்னால் இவ்வளவு வருடம் இருக்கிறது. புத்தகம் கைக்கு வந்துவிட்டது. கூடப் படிப்பவரின் பேச்சைக் கேட்பதுதான் இன்னும் நமக்குப் பழகவில்லை.

நடப்பது நமக்குப் புதிதில்லை. தை மாதம் பழனிக்கு, சித்திரையில் அழகரோடு, ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு என்று இந்த ஊர்ச் சாலைகளில் வருடம் பூராவும் யாராவது நடந்துகொண்டுதான் இருப்பார்கள். வேளாங்கண்ணி நடைப்பயணக் குழு ஒன்றோடு மேலூர் தாண்டிப் போனவர்களுக்குத் தெரியும், முதல் நாள் காலையில்தான் எல்லோரும் ஒரே கூட்டம். மதியத்துக்குள் இளவட்டங்கள் கண்ணுக்கெட்டாத தூரம் போயிருப்பார்கள். மாதா சொரூபம் வைத்த வண்டி நடுவில் மைக்செட்டோடு போகும். கொப்புளம் வந்தவர்களும் முட்டிவலிக்காரர்களும் கடைசியில், டார்ச் லைட் வைத்திருக்கும் ஒரு பொறுப்பாளரோடு. அவர்கள் தங்குமிடம் வந்து சேரும்போது முன்னால் போனவர்கள் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள். பின்தங்கியவர்கள் காலை நீட்டும்போது முன்னால் போனவர்கள் எழுந்து கிளம்பத் தயாராவார்கள். ஆகக் கூடுதல் ஓய்வு வேகமாக நடப்பவனுக்குத்தான்.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த தீர்வு, முடியாதவர்களைச் சாமான் வண்டியில் ஏற்றிவிடுவது. நல்ல எண்ணம்தான், நானும் கைகொடுத்து ஏற்றியிருக்கிறேன். ஆனால் வண்டியில் ஏற்றுவதும் நடையைத் தளர்த்துவதும் ஒன்றில்லை. வண்டியில் ஏறியவர் ஊர் வந்து சேர்வார், ஆனால் கூட நடந்தவர் ஆகமாட்டார். நம் பங்குகளில் ஏழைகளுக்கு, நோயாளிகளுக்கு, கைம்பெண்களுக்கு என்று நாம் செய்யும் பல காரியங்கள் இந்தச் சாமான் வண்டி மாதிரிதான். அரிசி கொடுப்போம், திருநாள் கமிட்டியில் சேர்க்கமாட்டோம்.

நடை என்று பேச்சு வந்த பிறகு சப்பரத்தைச் சொல்லாமல் விட முடியாது. மதுரைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் எங்கள் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். ஊர் பேர் வேண்டாம். திருநாளன்று இரவு சப்பரம் கோயிலிலிருந்து கிளம்பி ஊரைச் சுற்றி வரும். சீரியல் செட், பேண்டு வாத்தியம், வாணவேடிக்கை எல்லாம் உண்டு. ஒரு குறிப்பிட்ட முக்கு வந்ததும் சப்பரம் இடது பக்கம் திரும்பும். வலது பக்கம் இருப்பதும் கத்தோலிக்கத் தெருதான், அவர்களும் திருநாள் வரி கொடுக்கத் தயாராக இருப்பவர்கள்தான். அந்தத் தெருக்காரர்கள் முக்கில் வந்து நின்று மெழுகுவர்த்தி கொளுத்திக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்தத் தெரு ரொம்பக் குறுகல், சப்பரம் திரும்பாது என்று ஒருவர் என்னிடம் காரணம் சொன்னார். தண்ணீர் லாரி அதே தெருவுக்குள் போய் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

இது நேற்று முளைத்த நோய் இல்லை. 1606-இல் இத்தாலியச் சேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது இங்கே ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சேசு சபைக்காரர் சில வருடங்களாக இருந்தார். நொபிலி அவரிடமிருந்து தனியாகப் பிரிந்து, காவி உடுத்தி, சைவ உணவுக்கு மாறி, தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்று, மேல்சாதிக்காரர்களோடு பழகினார். அவர் வழி சரியா என்ற சண்டை கோவாவரை போய், 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நொபிலி பக்கம் சாய்ந்து ஆணை கொடுத்தார். அப்புறம் மற்ற சாதியினருக்கு என்று 1640-இல் பல்தசார் தா கோஸ்டா தொடங்கிப் பண்டாரசாமிகள் வந்தார்கள். ஒரே சபை, ஒரே நற்செய்தி. ஆனால் சந்நியாசிக் குருக்களும் பண்டாரசாமிகளும் ஊர் பார்க்கச் சேர்ந்து சாப்பிடமாட்டார்கள். நொபிலியின் தமிழ் உரைநடையை மதிக்கிறேன், வேற்று மண்ணுக்காரர் இந்த மண்ணின் பேச்சை இவ்வளவு தூரம் காதுகொடுத்துக் கேட்டது சாதாரணம் இல்லை. ஆனால் அந்தத் தனிப் பந்திக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால், முக்கில் மெழுகுவர்த்தியோடு நிற்பவர்கள்தான்.

அந்தியோக்கியாவில் பேதுருவும் இதைத்தான் செய்தார். பிற இனத்தாரோடு உட்கார்ந்து உண்டவர், எருசலேமில் யூதக் கிறிஸ்தவர்களை வழிநடத்திய யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பர்னபாவும் அதில் இழுபட்டுப் போனார். பவுல் தனியே கூப்பிட்டுப் பேசவில்லை, எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கேட்டார். கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் அப்படியே இருக்கிறது. சேர்ந்து நடப்பது என்றால் சத்தமில்லாமல் அனுசரித்துப் போவது என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை வாசிக்கலாம். இந்திய ஆயர்கள் 2016 டிசம்பரில் தலித் மக்களுக்கான கொள்கை ஏடு வெளியிட்டுச் சாதிப் பாகுபாடு பாவம் என்று எழுதிவிட்டார்கள். அந்த ஏடு எங்கள் உறவுக்காரர்களின் ஊர் முக்குவரை இன்னும் வந்து சேரவில்லை.

சரி, மாமன்றத்துக்கு வருவோம். 2021 அக்டோபர் முதல் மறைமாவட்ட அளவில் கருத்துக் கேட்பு நடந்தது. கொரோனா ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த காலம். எங்களுக்கும் தாள் வந்தது: உடன் பயணிப்பவர் யார், யாருக்குக் காதுகொடுக்கிறோம், முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று பத்துத் தலைப்புகள். தரையில் உட்கார்ந்து எழுதினோம். சப்பரம், கல்லறை, பாடற்குழுச் சண்டை, கணக்கு வாசிக்காதது, மறையுரையின் நீளம் எல்லாம் அதில் இருந்தன. தாள் மேலே போனது. மேலே என்றால் பங்கிலிருந்து மறைமாவட்டம், அங்கிருந்து ஆயர் பேரவை, கண்டம், ரோம். 2023 அக்டோபரில் ஆறாம் பவுல் அரங்கத்தில் திருத்தந்தையும் கர்தினால்களும் பொதுநிலையினரும் வட்ட மேசைகளில் கலந்து உட்கார்ந்திருந்த படம் வந்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கைதட்டினோம். வாக்களித்தவர்களில் 54 பேர் பெண்கள், அதற்கு முன் எந்த மாமன்றத்திலும் ஒரு பெண்ணுக்குக்கூட வாக்கு இல்லை. ஒருவர் பேச, மற்றவர் கேட்க, நடுநடுவே மௌனம் என்று அவர்கள் கடைப்பிடித்த முறையைப் படித்தபோது, நம்ம ஏழு படி அட்டையைக் கொஞ்சம் சுருக்கிவிட்டார்களோ என்றுதான் தோன்றியது.

2024 அக்டோபர் 26 அன்று இறுதி ஏடு நிறைவேறியது. பிரான்சிஸ் அதன்மேல் தனியாக ஓர் ஊக்கவுரை எழுதாமல், அதையே தன்னுடையதாக ஏற்றுக்கொண்டார். அதன் ஐந்து பகுதிகளும் யோவான் நற்செய்தியின் உயிர்ப்புப் பகுதிகளிலிருந்து தொடங்குகின்றன: மகதலா மரியா, ஒரே படகில் சீடர்கள், வலை வீசுதல், மீன்பாடு, சீடர்களை அனுப்புதல். எம்மாவுவைத் தலைமாட்டில் வைக்காததே எனக்கு ஒரு நிம்மதி. ஏட்டில் எனக்கு முக்கியமாகப் பட்டது பங்குப் பேரவை பற்றிய பகுதி. 1983-ஆம் ஆண்டுத் திரு அவைச் சட்டப்படி பங்கில் நிதிக்குழு கட்டாயம், மேய்ப்புப் பணிப் பேரவை ஆயர் தேவை என்று கருதினால் மட்டும், அதுவும் ஆலோசனை சொல்ல மட்டும். அதாவது பணத்துக்குக் குழு இல்லாமல் முடியாது, மனிதர்களுக்குக் குழு இல்லாமல் சமாளிக்கலாம். இந்தப் பேரவைகளும் கட்டாயமாக வேண்டும் என்று இறுதி ஏடு வலியுறுத்துகிறது.

தொடக்கத் திரு அவைக்கு இந்த விஷயத்தில் நம்மைவிடத் துணிச்சல் அதிகம். திருத்தூதர் பணிகள் 6-இல் அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசுவோர் முணுமுணுக்கிறார்கள். பன்னிருவர் முணுமுணுப்பை அடக்கவில்லை, சீடர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, ஏழு பேரை நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். புகார் சொன்ன பக்கத்துக்காரர்கள் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள். நம் ஊரில் புகார் சொன்னவனைக் கமிட்டியில் போடுவார்களா? அடுத்த வருடம் வரி வசூலுக்குக்கூடக் கூப்பிடமாட்டார்கள்.

எங்கள் தாளுக்கு என்ன ஆனது என்று இதுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அறிக்கைகளில் அதன் சாரம் கரைந்திருக்கலாம். ஆனால் எழுதியவர்களிடம் திரும்பி வந்து, நீங்கள் சொன்னதில் இது முடிந்தது, இது முடியவில்லை, இதற்கு இன்ன காரணம் என்று சொல்வதும் பயணத்தில் சேர்ந்ததுதான். 2025 மார்ச்சில், மருத்துவமனையில் இருந்தபடியே பிரான்சிஸ் அடுத்த கட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். 2027-இன் முதல் பாதியில் மறைமாவட்டங்களில் மதிப்பீட்டுக் கூட்டங்கள், 2028 அக்டோபரில் வத்திக்கானில் திரு அவைப் பேரவை. ஏப்ரல் 21 அன்று அவர் இறந்த பிறகும், மே 8 அன்று பொறுப்புக்கு வந்த திருத்தந்தை பதினான்காம் லியோ அதை நிறுத்தவில்லை. ஆக மதிப்பீடு வரத்தான் போகிறது. அதில் புதிதாக ஒரு தாள் கொடுப்பதற்கு முன்னால் பழைய தாளை எடுத்து வாசிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் அன்பியத்தின் கோரிக்கை.

பங்குச்சாமி மாறி வந்திருக்கிறார், இளவயசுக்காரர். அவரிடம் கேட்டோம். “எங்கிட்ட காப்பி இல்லியே, உங்ககிட்ட இருக்கா?” என்றார். ஆரோனைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண்தான் அன்று தாளை ஃபோட்டோ எடுத்து வைத்திருந்தாள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். சப்பரப் பத்தியை நீக்கிவிடலாமா, அது வேறு பங்கு ஊர்தானே என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று முடிவாயிற்று. பங்குப் பேரவை அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, இரண்டாம் பூசைக்கு அப்புறம் கூடுகிறது.